டூட்டி லிஸ்ட்டில் தெரியும் ஆதரவு: செவிலியரின் மனநிலையும் வேலையும் எதைப் பார்த்து மாறுகின்றன?

மதுரை_எச்ஆர்

150 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். மே 12 செவிலியர் தினத்துக்கு கேக், வருஷத்துக்கு இரண்டு யூனிஃபார்ம், ஹாஸ்டல், மெஸ்ஸில் சலுகை எல்லாம் உண்டு. ஆனாலும் சர்வே எடுத்தால் "நிர்வாகம் என் பக்கம் நிற்கும்" என்ற வரிக்குத்தான் மதிப்பெண் அடிமட்டத்தில் விழுகிறது. தவறு நடந்தால் எழுதித்தர வேண்டிய இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் மாதத்துக்கு ஒன்று இரண்டுக்கு மேல் வருவதில்லை. அதையாவது நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொந்தக் கதை, புலம்பல் வேண்டாம். எதை முதலில் மாற்ற வேண்டும், எங்கே சறுக்கும் என்ற அளவில் பேசுவோம்.

---

நர்சிங்_ட்யூட்டர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, அது நல்ல அறிகுறி இல்லை. அதைத் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து விளக்குவார்கள்.

நீங்கள் சர்வேயில் அளப்பது, ராபர்ட் ஐசன்பெர்கரும் சக ஆய்வாளர்களும் 1986-இல் வைத்த கருத்து. "என் உழைப்பை இந்த இடம் மதிக்கிறதா, எனக்கு ஒன்று என்றால் அக்கறை காட்டுமா" என்று வேலை செய்பவர் மனசுக்குள் போடும் கணக்கு அது. நிர்வாகம் எவ்வளவு செலவழித்தது என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

அதில் இரண்டு விஷயம் உங்களுக்கு உதவும். ஒன்று, கட்டாயத்தால் வந்ததை யாரும் ஆதரவாக எண்ணுவதில்லை. சட்டம் சொன்னதால் 26 வாரப் பிரசவ விடுப்பு கொடுத்தீர்கள் என்றால் அது உரிமை, அவ்வளவுதான். அவர் திரும்பி வந்ததும் மூன்று மாதம் நைட் போடாமல் விட்டீர்கள் என்றால், அது நீங்களாகச் செய்தது. அது மனசில் நிற்கும். இரண்டு, 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் பார்த்தபோது, இந்த உணர்வோடு மிக நெருங்கி நின்றது நியாயம். மேலதிகாரியின் ஆதரவு அதற்கு அடுத்துதான். சம்பளம், சலுகை எல்லாம் அதற்கும் பின்னால்.

கேக் எல்லாருக்கும் ஒரே அளவு, வருஷா வருஷம் வரும், போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள். "எனக்காகச் செய்தார்கள்" என்று அதை யாரும் நினைக்கப்போவதில்லை. கேக் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதிலிருந்து மதிப்பெண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

---

இன்சார்ஜ்அக்கா

ட்யூட்டர் மேடம் நியாயம் என்று சொன்னது வார்டில் எங்கே தெரியும் என்றால், டூட்டி லிஸ்ட்டில். வேறு எங்கும் போக வேண்டாம்.

நல்லபடி நடக்கிற வார்டில் அடுத்த மாத லிஸ்ட் 20, 22-ஆம் தேதிக்குள் ஒட்டியிருக்கும். ரிக்வெஸ்ட் புத்தகம் ஒன்று இருக்கும். ஆளுக்கு மாதம் இரண்டு ரிக்வெஸ்ட், முதலில் எழுதியவருக்கு முதலில். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் யாருக்கு ஆஃப் என்பதற்குப் போன வருஷக் கணக்கும் அதே புத்தகத்தில் இருக்கும். போன வருஷம் தீபாவளிக்கு வேலை பார்த்தவரை இந்த வருஷமும் போட மாட்டார்கள்.

கெட்டுப்போன வார்டில் லிஸ்ட் 30-ஆம் தேதி ராத்திரி வாட்ஸப்பில் வரும். வந்த பிறகும் மாறும். ஆஃபில் இருப்பவருக்கு காலை ஆறரைக்கு போன் போகும். மூன்று மாதம் இப்படிப் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஆஃப் நாளில் எல்லாரும் போனை அணைத்துவிடுவார்கள். கேட்டால் லீவ் கிடைக்காது என்று தெரிந்துபோனதால், கேட்காமலே "காய்ச்சல்" என்று சொல்லிவிடுவார்கள். நிர்வாகம் உடனே "ஒழுங்கு இல்லை, மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாமல் சிக் லீவ் கிடையாது" என்று சர்க்குலர் போடும். அடுத்த மாதம் ஒரு நாள் காய்ச்சல் மூன்று நாள் ஆகும், சர்டிபிகேட்டோடு.

இதை ஸ்டாஃபின் குணம் என்று எழுதுபவர்கள், அதே ஆட்களை லிஸ்ட் ஒழுங்காகப் போடும் வார்டுக்கு மாற்றிப் பார்க்கட்டும்.

---

ரோஸ்டர்கணக்கு

அக்கா சொன்னதில் பாதி இன்சார்ஜ் (வார்டுப் பொறுப்புச் செவிலியர்) கையில், மீதி ஆள் எண்ணிக்கையில். லிஸ்ட் ஏன் கடைசி நேரத்தில் மாறுகிறது? ஆள் கணக்கையே தப்பாகப் போட்டிருப்பதால். கணக்கைப் பாருங்கள்.

30 படுக்கை வார்டு, ஆறு பேஷண்டுக்கு ஒருவர். ஷிப்டுக்கு 5 பேர், மூன்று ஷிப்டுக்கு 15 டூட்டி. நிர்வாகம் இங்கேயே நிறுத்தி "15 பேர் போதும்" என்றுவிடும். பெரும்பாலான இடங்களில் நடக்கிற தவறு இதுதான்.

வருஷத்துக்கு 15 × 365 = 5,475 டூட்டி. ஒருவர் எத்தனை டூட்டி பார்ப்பார்? 365-இல் வார ஆஃப் 52, கேஷுவல் லீவ் 12, பண்டிகை விடுமுறை 10, ஈட்டிய விடுப்பு 15, சிக் லீவ் 7 என்று கழித்தால் 269. 5,475-ஐ 269-ஆல் வகுத்தால் 20.35, அதாவது 21 பேர்.

15 பேர் மட்டும் இருந்தால் வருஷத்துக்கு 4,035 டூட்டிதான் கிடைக்கும். 1,440 குறைகிறது. நாளுக்கு ஏறக்குறைய நான்கு டூட்டிக்கு ஆள் இல்லை. ஷிப்டுக்கு 5 என்பது உண்மையில் 3.7. ஆறுக்கு ஒன்று என்று பேப்பரில் எழுதியது தரையில் எட்டுக்கு ஒன்று. இடைவெளியை ஆஃபை ரத்துசெய்து நிரப்பினால் எட்டு ஏழாகும், ஆனால் அக்கா சொன்ன ஆறரை மணி போன் தொடங்கும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 30 சதவீதம் லீவ் ரிசர்வ் (லீவில் போகிறவர்களுக்கு ஈடாகக் கூடுதல் ஆள்) சேர்க்கச் சொல்வது இதற்குத்தான். சேர்த்தாலும் 19.5, அதுவும் கொஞ்சம் இறுக்கம்தான்.

---

நைட்_சூப்பர்வைசர்

கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. நம் ஊரில் ஷிப்ட் சமமாக இல்லை. காலை 8–2, மதியம் 2–8, ராத்திரி 8–8. நைட் 12 மணி நேரம். ஆறு நைட் முடித்தவருக்கு வார ஆஃப் போக இரண்டு நாள் நைட் ஆஃப் கொடுக்கிற வழக்கம் இருந்தால், வருஷத்துக்கு 1,825 நைட், ஏறக்குறைய 304 தடவை, 608 நாள். இன்னும் 2.3 ஆள். ஆக 23 பேர்.

நைட் ஆஃபை "ஆள் இல்லை, அப்புறம் எடுத்துக்கோ" என்று சேர்த்துவைத்தால், அது ஒருநாளும் திரும்பி வராத கடன். கடன் எழுதின நோட்டு ஒவ்வொரு ஸ்டாஃபின் பையிலும் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

---

நிர்வாகி_கோவை

எல்லாம் சரி. 15 இருக்கிற இடத்தில் 23 பேருக்கு யார் சம்பளம் கொடுப்பது? காப்பீட்டுத் திட்டப் பேக்கேஜ் தொகையில் அதற்கு இடம் இல்லை. இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன்: ரொம்ப விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறுவார்கள். ஆதரவு, ஆதரவு என்று பேசினால் கேஸ் ஷீட் எழுதாதவரைக் கேள்வி கேட்க முடியாமல் போகும்.

---

நர்சிங்_ட்யூட்டர்

சார், இரண்டையும் பிரித்துப் பேசுவோம்.

செலவு: புதிதாக வந்த ஒருவர் தனியாக ஐ.சி.யூ. பேஷண்டைப் பார்க்கும் அளவுக்கு வர மூன்று மாதமாவது ஆகும். அதுவரை அவர் பக்கத்தில் சீனியர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சீனியரின் வேலை நேரமும் செலவுதான், பட்ஜெட்டில் தனிவரியாகத் தெரியாது என்பதால் இல்லாமல் போய்விடாது. வருஷத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று எண்ணி அதை மூன்றால் பெருக்குங்கள். அத்தனை மாதச் சம்பளம் அரைப் பயனுக்குப் போகிறது.

ஆள் குறைவால் ஆகும் சேதத்துக்கு அளவும் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் கையில் ஒரு பேஷண்ட் கூடும்போது, அறுவை சிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் மனம் சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம், வேலையில் அதிருப்தி 15 சதவீதம். 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இறப்புக்கு அதே 7 வந்தது. இவை ஒரே காலத்தில் எடுத்த தரவின் தொடர்புகள். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு கண்டத்தில் ஒரே திசை.

செல்லம்: ஆதரவு என்றால் கேள்வி கேட்காமல் விடுவது என்று யார் சொன்னார்கள்? கேஸ் ஷீட் எழுதாதவரைக் கேட்கத்தான் வேண்டும். எட்டுப் பேஷண்ட் கையில் இருந்த நாளிலும் ஐந்து பேஷண்ட் இருந்த நாளிலும் ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டால்தான் பிரச்சினை.

கேஸ் ஷீட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நெருக்கடி வந்தால் முதலில் விடுபடுவது எழுத்து இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை பேஷண்டைப் புரட்டுவது, வாய் சுத்தம், நடக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மாத்திரையைச் சொல்லிக்கொடுப்பது, பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசுவது. இந்த விடுபடலை பியாட்ரிஸ் காலிஷ் 2006-இல் பட்டியல் போட்டார். ஊசி போடுவது விடுபடாது, ஏனென்றால் அதற்குக் கேள்வி வரும். புரட்டியதாக சார்ட்டில் டிக் இருக்கும். புட்டத்தில் சிவப்புத் தழும்பும் இருக்கும்.

---

தரக்கட்டுப்பாடு

இன்சிடென்ட் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். 150 படுக்கையில் மாதம் ஒன்றிரண்டு ரிப்போர்ட் என்றால் தவறு நடக்கவில்லை என்று பொருள் இல்லை, சொல்லப் பயம். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். தவறு அதிகம் நடந்ததால் இல்லை. அங்கே வாய் திறந்து பேச முடிந்தது.

ஒரே ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். இன்சுலின்.

நம் ஊரில் வயல்கள் (மருந்துக் குப்பிகள்) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் வயலும் கிடைக்கும். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. ஸ்டோரில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்று ஆரஞ்சை அனுப்பிவிடுகிறார்கள். ஆர்டர் 20 யூனிட். செவிலியர் 40 வயலில் இருந்து, ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுக்கிறார். உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது. டாக்டர் டோஸை ஏற்றுவார். இதுவே தலைகீழாக, 100 வயலை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். பேஷண்ட் வியர்த்து மயங்குவார்.

செவிலியர் தானே கவனித்து ரிப்போர்ட் எழுதுகிறார் என்று வைப்போம். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி: மெமோ, விளக்கக் கடிதம், காலை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு. ஸ்டோரை யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் இன்னொரு வார்டில் அதே ஆரஞ்சு சிரிஞ்சு. அங்கே பார்த்தவர் அமைதியாக குறைந்த டோஸைச் சேர்த்துப் போட்டுச் சரிசெய்துவிட்டு, சிரிஞ்சை டப்பாவில் தள்ளிவிடுவார். ரிப்போர்ட் எண்ணிக்கை குறையும், மீட்டிங்கில் கைதட்டுவார்கள்.

இரண்டாம் வழி: முதலில் பேஷண்ட், அடுத்து அந்தச் செவிலியர், மூன்றாவது சிஸ்டம். அன்றைக்கு மீதி டூட்டிக்கு மருந்து டிராலியை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். 72 மணி நேரத்துக்குள் வார்டு, ஃபார்மசி, ஸ்டோர் மூவரும் உட்கார்ந்து, "யார்" என்று கேட்காமல் "எப்படி" என்று கேட்பார்கள். முடிவு: மருத்துவமனை முழுக்க ஒரே வலிமை வயல், ஒரே சிரிஞ்சு, மற்றதை ஸ்டோரில் கேட்டு வாங்கும் இண்டெண்ட் பட்டியலில் இருந்தே எடுத்தாயிற்று, இன்சுலினுக்கு இருவர் சரிபார்ப்பு. கடைசியாக, எல்லாரும் மறப்பது: ரிப்போர்ட் எழுதியவரிடம் போய் "நீங்கள் எழுதியதால் இது மாறியது" என்று சொல்வது. இந்தக் கடைசிப் படி இல்லை என்றால் அடுத்த ரிப்போர்ட் வராது.

கோவை சாருக்கு: கண்டிப்பு வேண்டாம் என்று இல்லை. கை தவறியதா, குறுக்கு வழி பழக்கமாகிவிட்டதா, தெரிந்தே செய்த அலட்சியமா என்று பிரியுங்கள். முதலாவதற்கு ஆறுதல், இரண்டாவதற்குப் பயிற்சி, மூன்றாவதற்குத்தான் நடவடிக்கை. சோதனைக் கேள்வி ஒன்று: அதே தகுதி உள்ள இன்னொருவரை அதே இடத்தில் நிறுத்தினால் அதே தவறு நடந்திருக்குமா? ஆம் என்றால் மெமோவைக் கிழித்துப் போடுங்கள்.

---

இன்சார்ஜ்அக்கா

// ரிப்போர்ட் எழுதியவரிடம் போய் சொல்வது //

இதை ஆயிரம் தடவை சொல்லலாம்.

ராத்திரி இரண்டு மணி போன் விஷயத்தையும் சேர்க்கிறேன். பி.பி. இறங்குது, டியூட்டி டாக்டர் எடுக்கவில்லை, கன்சல்டன்டைக் கூப்பிட்டால் கத்துகிறார். ஒரு தடவை கத்தினால், அடுத்த தடவை அந்த ஸ்டாஃப் அரை மணி நேரம் யோசிப்பார். அந்த அரை மணியில்தான் பேஷண்ட் போவார். "தைரியமாகக் கூப்பிடுங்கள்" என்று அறிவுரை சொல்வதால் ஒன்றும் ஆகாது. யாரை, எத்தனை நிமிஷத்தில் என்று எழுத்தில் இருக்க வேண்டும்: டியூட்டி டாக்டர், 10 நிமிஷம், கன்சல்டன்ட், இன்னும் 10, பிறகு மெடிக்கல் சூப்பரின்டெண்டன்ட். சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 90-க்குக் கீழ் என்றால் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று வரம்பும். அப்போது போன் போடுவது அவர் துணிச்சல் ஆகாது, விதி ஆகிவிடும். கத்துகிறவர் விதியைத்தான் கத்த வேண்டும்.

---

தொற்றுத்தடுப்பு

ஊசிக்குத்து, அதாவது பேஷண்டுக்குப் போட்ட ஊசி செவிலியர் கையில் குத்துவது பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மருத்துவமனையின் ஆதரவை ஒரே கேள்வியில் அளக்கணும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: ஞாயிறு ராத்திரி மூன்று மணிக்கு ஊசி குத்தினால் என்ன நடக்கும்?

நடக்க வேண்டியது: சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவுவது. அழுத்திப் பிழியக் கூடாது, ப்ளீச் ஊற்றக் கூடாது. உடனே நைட் சூப்பர்வைசருக்குச் சொல்லி, வார்டுக்கு மாற்று ஆள். பேஷண்டின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி. தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள். 72 மணி தாண்டினால் பயன் இல்லை. மொத்தம் 28 நாள். பின்தொடர் சோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம்.

சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மருந்து ஃபார்மசியில் பூட்டியிருக்கும், சாவி காலையில் வரும். முதல் டோஸ் பாக்கெட் ஒன்று கேஷுவாலிட்டியில் இருந்தால் தீர்ந்தது. சோதனைக்கு அவர் பெயரிலேயே பில் போடுவார்கள். முடிவு வரும் முன் வார்டு முழுக்கச் செய்தி பரவும். "போட்ட ஊசிக்கு மூடி போடாதே என்று சொன்னோம் அல்லவா" என்பார்கள். ஊசியைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா அந்த அறையின் மறுகோடியில் இருந்ததை, அதுவும் முக்கால் அளவைத் தாண்டி நிரம்பியிருந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் ஒன்று நடந்தாலும் போதும். அடுத்தவர் கையைக் கழுவிவிட்டு ப்ளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார், ஆறு மாதம் தனியாகப் பயந்துகொண்டு.

வேலையில் சேரும் நாளிலேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு), 10-க்கு மேல் வர வேண்டும். டைட்டரை யாருமே எடுப்பதில்லை. பத்துப் பேருக்கு எடுக்கிற செலவு உங்கள் மே 12 கேக்கை விட ரொம்ப அதிகம் ஆகிவிடாது.

---

ஜிஎச்_செவிலி

தனியாரை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். அரசுப் பக்கம் கதை வேறு மாதிரி. 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வைத்து எடுத்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்ப்பு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தது அதற்காகத்தான். ஒரே வார்டில், ஒரே டிராலி, ஒரே நைட். ஒருவருக்குக் காலமுறை ஊதியம், பக்கத்தில் இருப்பவருக்கு அதில் ஒரு சின்னப் பங்கு.

ட்யூட்டர் மேடம் நியாயம் என்று சொன்ன இடத்தில் இதை வைத்துப் பாருங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர் பேஷண்டைக் குறைவாகப் பார்ப்பதில்லை. ஆனால் இன்வெண்டரி பொறுப்பு, ஸ்டாக் லெட்ஜர், மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று வந்தால் ஒதுங்குவார். "நாளைக்கு இருப்பேனா என்றே தெரியாது, ஸ்டாக் கணக்கை ஏன் என் தலையில் கட்டுறீங்க" என்று கேட்டால் பதில் இல்லை.

சம்பளத்தைச் சொன்னால் தனியாரும் தப்ப முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு என்ன சொன்னது? 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம்; 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50–100 என்றால் 25 சதவீதம்; 50-க்குக் கீழும் 20,000-க்குக் குறையக் கூடாது. மதுரைக்காரர் சொன்ன 150 படுக்கை இரண்டாவது வகை. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு சர்வே எடுக்கட்டும்.

---

மதுரை_எச்ஆர்

அது நியாயமான குத்து. ஆனால் எங்களை மாதிரி இடங்களில் ஆட்கள் பெரிதாக விட்டுப் போவதில்லை. பற்று இருப்பதால்தானே?

---

நர்சிங்_ட்யூட்டர்

பாண்ட் (இத்தனை வருஷம் விட்டுப் போக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்திருக்கிறீர்களா?

பற்று மூன்று வகை என்று மேயரும் ஆலனும் 1991-இல் பிரித்தார்கள். பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, நன்றிக்கடனாக இருப்பது. பாண்டும் சர்டிபிகேட்டும் இரண்டாவதை மட்டும்தான் தரும். வருகைப் பதிவேட்டில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும், வேலையில் அப்படி இருக்காது. நஷ்டத்துக்குப் பயந்து இருப்பவர் கிராஷ் கார்ட்டில் (அவசர மருந்து டிராலி) அட்ரினலின் எக்ஸ்பயரி தேதியைத் தானாகப் பார்க்க மாட்டார். பக்கத்து பெட் மானிட்டர் அலறினால், "அது என் பேஷண்ட் இல்லை."

---

மதுரை_எச்ஆர்

பாண்ட் இருக்கிறது. சர்டிபிகேட்டும். புரிகிறது.

---

லீட்ஸ்_தமிழ்

இங்கிலாந்துப் பக்கத்தில் இருந்து கொஞ்சம். இங்கே எல்லாம் பாலும் தேனும் இல்லை, ஊரில் நினைக்கிற மாதிரி. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் அரசு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பு இல்லாமல் தவித்ததைப் பற்றி ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013-இல் கொடுத்த அறிக்கை, ஆள் குறைப்பு, இலக்கு மேல் வெறி, குறை சொன்னவர்களை அமுக்கியது எல்லாம் சேர்ந்து ஒரு மருத்துவமனையையே எப்படி மரத்துப்போக வைத்தது என்று காட்டியது. பேஷண்ட் தண்ணீர் கேட்டும் கிடைக்காத நிலை. கெட்டவர்களாகத் தேடிப்பிடித்து அங்கே வேலைக்கு வைக்கவில்லை.

அதன் பிறகு வந்ததில் ஊரில் செய்யக்கூடிய ஒன்று: குறை கேட்பதற்கென்று, உங்கள் மேலதிகாரி வரிசையில் இல்லாத ஒருவர். இன்சார்ஜைப் பற்றிய புகாரை இன்சார்ஜ் வழியாகவே கொடுக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். அதை உடைத்தாலே பாதி வேலை முடியும். பெரிய பதவி தேவையில்லை, வாரத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். ஆனால் அவர் சொல்வதை எம்.டி. (நிர்வாக இயக்குநர்) நேரில் கேட்க வேண்டும், இல்லை என்றால் அதுவும் இன்னொரு புகார்ப் பெட்டி.

---

நைட்_சூப்பர்வைசர்

அட்டெண்டர்கள் அடிக்கிற, திட்டுகிற விஷயம். தமிழ்நாட்டில் 2008 சட்டம் இருக்கிறது, மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் 3 முதல் 10 வருஷம் வரை சிறை. சட்டம் இருந்தும் ஏன் பயன் இல்லை? புகாரைச் செவிலியர் பெயரில் கொடுக்கச் சொல்வார்கள். அவர் வீட்டு முகவரி ஸ்டேஷனுக்குப் போகும், டூட்டி முடித்து அவரே போய் உட்கார வேண்டும். யார் கொடுப்பார்கள்?

புகார்தாரர் நிறுவனமாக இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனையில் பெண் டாக்டர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு வந்த உத்தரவு அதைத்தான் சொன்னது: ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஐ.ஆர்., பொறுப்பு நிறுவனத் தலைவருக்கு. தனியாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அடி வாங்கியவரை மறுநாள் வேறு வார்டுக்கு மாற்றுவதையும் நிறுத்துங்கள். "பாதுகாப்புக்காக" என்று நீங்கள் நினைப்பீர்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது தண்டனை. மாற்றலாமா என்று அவரையே கேளுங்கள்.

---

நிர்வாகி_கோவை

சரி, 23 பேரை உடனே எடுக்க முடியாது. காசு அதிகம் இல்லாமல் செய்யக்கூடியது எது? வரிசையாகச் சொல்லுங்கள்.

---

ரோஸ்டர்கணக்கு

காசே இல்லாதது: லிஸ்ட்டை 22-ஆம் தேதிக்குள் ஒட்டுவது, ஒட்டிய பிறகு மாற்றினால் அந்த டூட்டிக்கு நஷ்டஈடாக ஆஃப், அதுவும் 30 நாளுக்குள். கொஞ்சம் காசு: மருத்துவமனை முழுக்க ஷிப்டுக்கு இரண்டு ரிலீவர். ஆள் வராத வார்டுக்கு அவர்கள் போவார்கள். ஒவ்வொரு வார்டிலும் தனித்தனியாக ஆள் ஏற்றுவதை விட மலிவு. ஆனால் ரிலீவரை முன்னே பின்னே பார்க்காத ஐ.சி.யூ.வில் தள்ளாதீர்கள், எந்தெந்த வார்டு அவருக்குப் பழக்கம் என்று பட்டியல் வேண்டும்.

எட்டு ஆள் குறைவு என்றால் முதல் வருஷம் நான்கு எடுங்கள். அதற்குள் ஸ்டாஃப் செய்கிற செவிலியர் அல்லாத வேலையை எண்ணுங்கள். ஃபார்மசிக்கு ஓடுவது, பில்லிங் திருத்தம், லேப் சாம்பிள் தூக்குவது, காப்பீட்டுக்கு போட்டோ எடுத்து அப்லோட் பண்ணுவது. ஒரு வாரம் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த வேலைக்கு செவிலியர் எதற்கு?

---

இன்சார்ஜ்அக்கா

உட்கார ஒரு நாற்காலி, பூட்டுகிற கழிவறை, நைட்டில் படுக்க ஒரு அறை, எட்டு மணிக்கு டூட்டி முடிகிறவருக்கு பஸ் ஸ்டாண்ட் வரை வண்டி. இதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது.

---

நர்சிங்_ட்யூட்டர்

சர்வேயை மறுபடி எடுப்பதற்கு முன் மூன்று திருத்தம்.

கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது "நிறுவனம்" என்று மட்டும் போட்டால் ஒருவர் இன்சார்ஜை நினைத்து எழுதுவார், இன்னொருவர் எம்.டி.யை. இரண்டுக்கும் தனித்தனி வரி வையுங்கள். வார்டில் அன்பான இன்சார்ஜ், மேலே காது கேட்காத நிர்வாகம் என்ற கலவை ரொம்ப சகஜம். ஒரே எண்ணாக்கினால் தெரியாது.

ஆங்கில மூலக் கேள்வித்தாளில் எதிர்மறை வாக்கியங்கள் உண்டு. "என் முயற்சியை மதிக்கத் தவறுவதில்லை" என்று இரட்டை மறுப்பாக வந்துவிட்டால் பாதிப்பேர் தலைகீழாகக் குறிப்பார்கள். பத்துப் பேரிடம் கொடுத்து, வாய்விட்டு வாசித்து என்ன புரிந்தது என்று கேட்ட பிறகு அச்சடியுங்கள்.

வார்டு, வயது, அனுபவ வருஷம் மூன்றையும் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும். ஸ்டாஃபுக்கும் அது தெரியும். 1 முதல் 7 வரையான அளவில் எல்லாவற்றுக்கும் நடுவில் "4" போட்டுக் கொடுப்பார்கள். வார்டை மட்டும் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான வார்டின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். தாளை இன்சார்ஜ் கையில் வாங்கக் கூடாது.

---

மதுரை_எச்ஆர்

குறித்துக்கொண்டேன். முதலில் சர்டிபிகேட்களைத் திருப்பிக் கொடுப்பது, லிஸ்ட் தேதி, கேஷுவாலிட்டியில் தடுப்பு மருந்து பாக்கெட் என்று மூன்றோடு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த சர்வே ஆறு மாதம் கழித்து. இன்சிடென்ட் ரிப்போர்ட் இதற்குள் கூடினால் எம்.டி.க்கு எப்படி விளக்குவது?

---

தரக்கட்டுப்பாடு

கூடுவதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், எழுத்தில். மொத்த எண்ணிக்கையைக் காட்டாமல் இரண்டு கோடாகக் காட்டுங்கள்: பேஷண்டுக்குத் தீங்கு ஆனவை, ஆவதற்கு முன் பிடித்தவை. முதல் மூன்று மாதத்தில் இரண்டாவது கோடு குத்தென்று ஏறும். ஏறவில்லை என்றால்தான் எனக்கு போன் பண்ணுங்கள்.